காட்டூர் வீட்டுக்கு 17 படங்கள்

புரோக்கர் எடுத்த படத்தில் வீட்டை விட, வராந்தாக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் நைட்டிதான் பளிச்சென்று தெரிந்தது. சாயங்காலம் ஆறரை மணி, ஹாலில் ஒற்றை டியூப்லைட், போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம், மூலையில் மஞ்சள் எழுத்தில் தேதி. இப்படி மொத்தம் ஆறு. 2023 பிப்ரவரியிலிருந்து மே வரை, திருச்சி காட்டூரில் உள்ள எங்கள் வீடு இந்த ஆறு படங்களை நம்பித்தான் இணையத்தில் விற்பனைக்கு நின்றது. போன் வரும். "கடைசி விலை என்னங்க?" என்பார்கள். வீட்டைப் பார்க்க மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

அப்பா பெல் (BHEL) தொழிற்சாலையில் வெல்டர். 1989-ல் கட்டிய வீடு இது. ஐந்தரை சென்ட் மனை, கிழக்குப் பார்த்த வாசல், கீழே ஹால், இரண்டு படுக்கையறை, சமையல்கட்டு, மாடியில் ஓர் அறை, ஈசானி மூலையில் கிணறு. அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தாள். முழங்கால் வலி வந்ததும் சென்னைக்கு என்னோடு வந்துவிடச் சம்மதித்தாள். வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான்தான் குடியிருக்கும் என்பதால் விற்பது என்று முடிவானது.

மே மாத லீவில் போனதும் நானே படம் எடுத்தேன். என் போனில் 0.5 என்று ஒரு அகலக் கோண லென்ஸ் உண்டு. ஹாலின் ஒரு மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தால் 11க்கு 16 அடி ஹால் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்தது. எனக்கு ஒரே பெருமை. அந்தப் படங்களைப் போட்ட வாரமே ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. ஹாலில் கால் வைத்ததும் வந்திருந்த அம்மாள் தன் கணவரைப் பார்த்து, "போட்டோவுல பெருசா இருந்துச்சே" என்றார். ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள். காபி கலக்கப் போன அம்மா டம்ளரோடு வாசலில் நின்றாள். இத்தனைக்கும் ஹால் சின்னதில்லை. நான் காட்டிய அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். வந்தவருக்கு அது ஏமாற்று வேலையாகவே பட்டிருக்கும்.

அதன் பிறகுதான் ஆள் வைத்து எடுக்கலாம் என்று தோன்றியது. திருச்சியில் போட்டோகிராபர் என்றால் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து. முதலில் பேசியவர் ஒரு மாதிரிப் படம் அனுப்பினார். துளசி மாடத்தில் விளக்கு எரிகிறது, பின்னால் வீடு முழுக்க மங்கல். அழகான படம்தான், ஆனால் நான் விற்கப் போவது விளக்கை இல்லையே. இரண்டாவதாகக் கிடைத்த தம்பி ஓட்டல் அறைகளும் மாடுலர் கிச்சன் கடைகளுக்கான படங்களும் எடுப்பவர். அவரிடம், "நீங்க எடுத்த பாத்ரூம் படம் ஒண்ணு காட்டுங்க" என்றேன். ஹாலை யாரும் ஒப்பேற்றிவிடலாம். நாலுக்கு ஆறு அடி பாத்ரூமில், கண்ணாடியில் தான் தெரியாமல், சுவர் சாயாமல் எடுப்பதற்குத்தான் கை பழகியிருக்க வேண்டும். மூன்று படம் காட்டினார். மூன்றிலும் டைல்ஸ் கோடுகள் நூல் பிடித்தது போல் நேராக நின்றன. 8,000 ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை.

எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் கேமரா இல்லாமல் வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டும் போனில் திசைகாட்டியும். ஒவ்வோர் அறையாக நின்று எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று குறித்தார். நான் கெட்டிக்காரத்தனமாக, "வடக்குப் பக்கம் எப்பவும் நிழல்தான், அதைக் கடைசியில வச்சுக்கலாம்" என்றேன்.

"அக்கா, இப்ப வைகாசி கடைசி. சூரியன் நம்ம தலைக்கு வடக்கே போயிடுச்சு. வடக்கு ஜன்னல்லதான் இப்ப வெயில்" என்றார்.

முப்பது வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இது உறைத்ததே இல்லை. திருச்சி ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சிக்கு வடக்கேதான். ஜூனில் காலையும் மாலையும் வடக்குச் சுவரில் சாய்ந்த வெயில் அடிக்கும், தெற்கு ஜன்னல்களில் நேர் வெயிலே விழாது. வடக்கு ஜன்னல் என்றாலே நிழல் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது பொங்கல் லீவு நினைவு போலிருக்கிறது. எங்கள் சமையல்கட்டு வாயு மூலையில், வடக்கே ஜன்னலும் மேற்கே கதவுமாக இருக்கிறது. அதைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்தார். தென்மேற்கில், கன்னி மூலையில் உள்ள படுக்கையறை நாள் முழுக்க இருட்டு என்பதால் அதற்கு நேரம் குறிக்கவில்லை. ஃபிளாஷ் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

ட்ரோன் படம் வேண்டுமா என்று நானே கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் பெல்லும் துப்பாக்கித் தொழிற்சாலையும். 2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மண்டலம் பிரித்த வரைபடமே இருக்கிறது. அதைப் பார்க்காமல் இங்கே பறக்கவிடுகிற ஆள் இல்லை என்றார். அந்த ஆசை அதோடு போயிற்று.

அடுத்த ஒரு வாரம் கழிப்பு வேலை. சாமான்களை ஒழிப்பது என்றால் லேசாகச் சொல்லிவிடலாம்; செய்து பார்த்தால் தெரியும். நகைக்கடைக் காலண்டர் மூன்று, மருந்துக்கடைக் காலண்டர் ஒன்று. ஃபிரிட்ஜ் மேல் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஹால் மூலையில் சுருட்டி வைத்த பாய், அதன் மேல் கொசுவலை. சமையல்மேடையில் மிக்ஸி, அதற்கு அம்மா தைத்த உறை. வாசலில் போன வருஷம் கட்டிய திருஷ்டிப் பூசணி காய்ந்து சுருங்கித் தொங்கியது. எல்லாவற்றையும் மாடி அறையில் கொண்டுபோய்ப் போட்டோம்.

ஹால் சுவரில் மாலையோடு இருந்த அப்பா படத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அந்தத் தம்பியும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அம்மாவே, "அவரையும் சேர்த்தா விக்கிறோம்? எடுத்து உள்ள வை" என்றாள். படத்தை எடுத்ததும் சுவரில் செவ்வகமாக ஓர் இடம் புது நிறத்தில் நின்றது. பெயிண்ட்காரர் டப்பா டப்பாவாகக் கலக்கிப் பார்த்தார், பழைய டிஸ்டம்பருக்கு ஜோடி சேரவில்லை. கடைசியில் சுவர்க் கடிகாரத்தை அங்கே மாட்டினோம். செவ்வகத்தின் நான்கு முனைகளும் கடிகாரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். உற்றுப் பார்ப்பவருக்கு இப்போதும் தெரியும்.

அதிகச் செலவு மொசைக் தரைக்கு. பாலிஷ் மிஷின் வந்து இரண்டு நாள் வீடெல்லாம் சாம்பல் நிறச் சேறு. 13,000 ரூபாய். வீண் செலவோ என்று முணுமுணுத்தேன். படத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் அடிப்பது தரைதான். டியூப்லைட் செய்யாததை அது செய்தது. போட்டோவுக்கு ஆன செலவு மொத்தத்தில் பாதிகூட இல்லை.

படம் எடுக்கும் நாள், ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை. அம்மா ஐந்தரைக்கே எழுந்து வாசல் தெளித்துப் பெரிய புள்ளிக் கோலம் போட்டுவிட்டாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டாள்.

தம்பி ஆறரைக்கு வந்தார். முகப்புப் படத்தைக் காலை வெயிலில் எடுத்துவிடலாம் என்று பார்த்தால், எதிர் வீட்டு நிழல் எங்கள் சுவரில் பாதி உயரம் வரை கருப்பாகக் கிடந்தது. தெரு 20 அடிதான். சூரியன் ஏற ஏற நிழல் இறங்கும், காத்திருப்போம் என்றார். 7.45-க்கு நிழல் காம்பவுண்டுச் சுவருக்குக் கீழே இறங்கியது. அடுத்த சிக்கல், பின்னால் நகர இடமில்லை. தெருவில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்து, வீடு கோயில் கோபுரம் மாதிரி ஆகிவிடும். நான் மே மாதத்தில் எடுத்த படம் அப்படித்தான் இருந்தது. கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும் என்றால் உயரத்தில் நிற்க வேண்டும். எதிர் வீட்டு மாமியிடம் போய்க் கேட்டேன். "எவனோ வாங்கி மூணு மாடி கட்டி எங்க காத்தை அடைக்கப் போறான், அதுக்கு நானே மாடிப்படி திறந்து விடணுமா?" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர் வீட்டு முதல் மாடி பால்கனியிலிருந்து எடுத்த படம்தான் பட்டியலில் முதல் படம். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் கோலம் முழுசாக, ஒரு புள்ளி குறையாமல் விழுந்திருந்தது.

அதே படத்தில் கேட்டுக்கு இடப்பக்கம் மின் கம்பமும் நிற்கிறது. "இதை அழிச்சுடவா அக்கா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். அன்று காரில் வந்த அம்மாளின் முகம் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன். தெருவில் நின்ற பைக்கை, குப்பைக் கூடையை எடுத்துவிடலாம், அவை நாளைக்கு அங்கே இருக்காது. கம்பம் இருக்கும்.

உள்ளே வேலை மெதுவாகத்தான் போயிற்று. 16-35 மி.மீ. லென்ஸ், எண் குறையக் குறையக் காட்சி அகலும். ஆனால் 16-க்கு அவர் போகவே இல்லை, பெரும்பாலும் 20-லிருந்து 24-க்குள். 16-ல் வைத்து எனக்கு ஒரு தடவை காட்டினார், ஓரத்தில் இருந்த பீரோ தூண் மாதிரி அகன்றது, தலையணை திண்டு ஆயிற்று. ட்ரைபாட் நாலடி உயரம். மனிதன் நிற்கிற உயரத்தில் வைத்தால் கட்டில் குட்டையாகத் தெரிகிறது. சமையல்கட்டில் மட்டும் மேடையின் மேற்பரப்பு தெரிகிற மாதிரி ஒரு சாண் உயர்த்தினார். கேமரா அமைப்பு எஃப் 8, ஐஎஸ்ஓ 100; கை பட்டு ஆடாமலிருக்க இரண்டு விநாடி டைமர். ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படங்கள். ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே உள்ள வேப்பமரம் தெரியும், இன்னொன்றில் அலமாரியின் அடித்தட்டு தெரியும். பிறகு கணினியில் சேர்த்துக்கொள்வார்.

விளக்குகள் அனைத்தையும் அணைக்கச் சொன்னார். எனக்கு இது புரியவில்லை, விளக்குப் போட்டால்தானே பளிச்சென்று இருக்கும்? ஒரே இடத்தில் போட்டும் அணைத்தும் எடுத்துக் காட்டினார். எங்கள் ஹாலில் டியூப்லைட் நீலம், ஓரத்தில் ஒரு எல்இடி பல்பு மஞ்சள், ஜன்னல் வெளிச்சம் வெள்ளை. ஒரே சுவர் மூன்று நிறமாக, ஈரம் பாய்ந்தது போல் இருந்தது. அணைத்ததும் சுவர் சுவராகிவிட்டது.

ஃபேனையும் நிறுத்த வேண்டும். மெதுவான ஷட்டரில் இறக்கை புகையாகிவிடும். ஜூன் மாதத் திருச்சியில் ஃபேன் இல்லாமல் நான்கு மணி நேரம். நின்ற ஃபேனின் இறக்கை ஓரத்தில் கருப்பாக அழுக்கு வரி, அதைத் துடைக்க மறந்திருந்தோம். ஸ்டூல் போட்டு நான் ஏறினேன். பளபளத்த தரையில் ஜன்னல் வெளிச்சம் வெள்ளைப் பட்டையாக அடித்ததற்கு லென்ஸ் முன்னால் ஒரு போலரைசர் கண்ணாடியைத் திருகினார். முழுக்கத் திருகினால் மினுக்கம் செத்துவிடுகிறது என்று பாதியோடு நிறுத்தினார். பீரோ கண்ணாடியில் மூன்று முறை நான் விழுந்தேன், ஒரு முறை அம்மா விழுந்தாள். பாத்ரூமுக்கு இருபது நிமிஷம்.

கன்னி மூலை அறையில் ஒரு தப்பு செய்தேன். மேற்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. கட்டிலை நகர்த்தி அதை மறைக்கச் சொன்னேன். "கம்பத்தை மறைக்க வேணாம்னீங்க?" என்றார். கம்பம் கவர்ன்மென்ட் வைத்தது, ஓதம் நம்முடையது என்று ஏதோ சமாளித்தேன். கட்டில் நகர்ந்தது. ஃபிளாஷைக் கூரைமேல் அடித்து எடுத்த அந்தப் படம் நன்றாகத்தான் வந்தது.

12.15-க்குக் கிணறு. எனக்குக் கிணற்றைப் படம் எடுக்கும் எண்ணமே இல்லை, அம்மாதான் பிடிவாதமாகச் சொன்னாள். "வீடு பாக்க வர்றவன் மொதல்ல தண்ணி இருக்கானுதான்டி கேப்பான்." ஆறடி விட்டமுள்ள உறைக்கிணறு, அப்பா பற்றவைத்த கம்பி மூடி. ஜூன் மத்தியிலும் இருபதடியில் தண்ணீர் கிடந்தது. தம்பி கையில் கணக்கு இருந்தது. அன்றைக்கு உச்சிப்பொழுதில் சூரியன் நேர் மேலிருந்து வடக்கே சுமார் பன்னிரண்டரை டிகிரிதான் சாய்ந்திருக்கும். ஆறடி வாயில் அவ்வளவு சாய்வில் இறங்கும் வெயில் இருபத்தைந்து அடியைத் தாண்டித்தான் தெற்குச் சுவரில் முட்டும். அதற்கு முன்னாலேயே தண்ணீர். கேமரா வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, நான் அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, குனிந்து எடுத்தார். அம்மா கத்திக்கொண்டே இருந்தாள். உறை வளையங்கள் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் ஒரு பிறை அளவு தண்ணீரில் வெயில். அந்த வெளிச்சம் வெகு நேரம் நிற்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடி அறைக்குப் போனோம். கதவைத் திறந்ததும்தான் பொறி தட்டியது. வீட்டிலிருந்த அத்தனை சாமானும் அங்கே கூரை முட்ட நிற்கின்றன. அவ்வளவையும் திரும்பக் கீழே இறக்கி, படம் எடுத்து முடித்த அறைகளில் பரப்பினோம். ஒரு மணி நேரம் அதற்கே போயிற்று. நல்ல வேளை, சமையல்கட்டுக்கு ஐந்து மணி வரை நேரமிருந்தது.

சாயங்காலம் காற்று கிளம்பிவிட்டது. ஆடி பிறக்கவில்லை, ஆனாலும் புழுதி பறந்தது. வெளியே எடுத்த மூன்று மூன்று படங்களைச் சேர்த்தால் தென்னங்கீற்று ஒவ்வொன்றும் மூன்று கீற்றாக, பேய் ஆடுவது போல் வரும் என்பதால் வெளிப்படங்களை ஒற்றை ஷாட்டில் எடுத்தார். 6.40 வாக்கில் பொழுது சாய்ந்தது. அதற்குப் பதினைந்து நிமிஷம் கழித்து வானம் கருநீலமாகும் நேரத்தில், எல்லா ஜன்னலிலும் ஒரே மஞ்சள் நிற பல்புகளை எரியவிட்டு முகப்பை இன்னொரு முறை. இதற்காகவே எட்டு பல்பு வாங்கியிருந்தேன். படம் சினிமா வீடு மாதிரி இருந்தது, அதனாலேயே அதைக் கடைசியில் போட்டேன்.

நான்கு நாளில் 22 படங்கள் வந்தன. ஐந்தைக் கழித்தேன். ஒரே அறையை இரண்டு பக்கமிருந்து காட்டினால் வீட்டில் எத்தனை அறை என்று பார்ப்பவருக்குக் குழப்பம். மீதி 17-ல் வீட்டு எண், மீட்டர் பெட்டியில் எழுதியிருந்த இ.பி. சர்வீஸ் நம்பர் இரண்டையும் மங்கலாக்கச் சொன்னேன். கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கித் தந்தார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் நசுங்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டாவதாக, டேப் பிடித்து நானே அளந்து வரைந்த வீட்டு வரைபடம். அதில் வடக்கு அம்புக்குறி முக்கியம். அது இல்லாவிட்டால், "கிச்சன் எந்த மூலை, கிணறு எந்த மூலை" என்ற கேள்விக்கே நாளுக்குப் பத்து முறை பதில் சொல்ல வேண்டும்.

புதுப் படங்கள் ஜூன் கடைசியில் ஏறின. போன் முன்னைவிடக் குறைந்தது, உண்மையில் எனக்குக் கவலையாகக்கூட இருந்தது. ஆனால் கூப்பிட்டவர்கள் வந்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு குடும்பம். நான்காவது, துவாக்குடியிலிருந்து வந்த ஓர் ஆசிரியத் தம்பதி. உள்ளே நுழையாமல் நேராகக் கிணற்றடிக்குப் போனார்கள். அவர் போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "படத்துல இருந்த மட்டத்துக்கு இப்ப ஒரு உறை கீழ போயிருக்குங்களே?" என்றார். மூன்று வாரத்தில் இறங்கியதுதான், ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் என்று அம்மா விளக்கினாள். மின் கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கன்னி மூலை அறையில் அந்த அம்மாள் கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவினார். பொருக்கு உதிர்ந்தது. "இது போட்டோவுல இல்லையே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பேரம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. சுவரைக் கொத்திப் பூச 40,000 ஆகும் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். ஒன்றரை லட்சம் குறைத்துத்தான் முடிந்தது. ஓதத்தையும் படத்தில் காட்டியிருந்தால் பூச்சு வேலைக் கூலியோடு முடிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது அட்வான்ஸ் கொடுத்தார்கள். ஆவணியில் பத்திரம் பதிந்தது. அடுத்த வாரம் அந்த அம்மாள் போன் செய்து, "எங்க படுக்கை ரூம் வரைக்கும் ஊரே பாக்குதுங்க, படத்தை எடுத்துடுறீங்களா?" என்றார். ஒன்று விடாமல் 17 படங்களையும் அன்றே நீக்கினேன். புரோக்கர் போட்ட ஆறும் இன்னும் இருக்கின்றன. மூன்று முறை சொல்லிவிட்டேன், பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். கொடியில் அம்மாவின் நைட்டி இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.